தேவையில்லை என்பதற்கான கடிதம்

உத்யோக் பவன், மூன்றாம் மாடி.
கூலரின் வெட்டிவேர்த் தட்டி நனைந்து நனைந்து
அறை முழுக்கக் கோயில் கிணற்று வாசம்.
என் தட்டச்சுப் பொறியில்
ஆங்கில 'இ' மட்டும் தேய்ந்து வயிறு உடைந்திருந்தது.
'ரிஜெக்டட்' என்ற சொல்லில் மூன்று 'இ'.
பதினொரு வருடம்.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

திலக்ராஜ் கக்கர், ஃபரிதாபாத்,
பால்பேரிங் செய்கிறவர்.
மாதம் நாற்பதாயிரத்துக்கு உரிமம்.
அவருடைய இயந்திரத்துக்கு அந்த எண் தெரியாது,
இருபதாம் தேதியே முடித்துவிட்டுக்
கைகட்டி நிற்கும்.
ஒரு மாதம் மறதியாக ஓடவிட்டார்.
மிகுந்துபோன மூவாயிரத்தைக்
கோதுமை மூட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார்
தன் பொருளைத் தானே திருடியவராக.
கூடுதலாகச் செய்தால் குற்றம்.
சட்டம் அப்படி.

அறுபதாயிரமாக்கித் தரச் சொல்லி அவர் கொடுத்த மனு
எட்டு வருடம் மேஜை மேஜையாகத் தங்கிற்று.
நாட்டுக்கு எத்தனை பேரிங் வேண்டும்?
ஓரத்தில் பச்சை மையில் யாரோ கேட்டிருந்தார்கள்.
அதற்குப் பதில் சொல்ல ஒரு குழு.
குழு உட்கார நாற்காலி வாங்க ஒரு கோப்பு.

பொல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.
பிரிவு அதிகாரி மாத்தூர் சாஹிப்
ஒரு பைசா தொடாதவர்.
சொந்தக் கணக்கு எழுத
வீட்டிலிருந்து பென்சில் கொண்டுவருவார்.
ஏழை நாடு, இரும்பு வீணாகக் கூடாது என்று
மனதார நம்பினார்.
நானும் நம்பினேன்,
முதல் தேதிகளில் சற்றுக் கூடுதலாக.

தொண்ணூற்றொன்று, ஜூலை, ஒரு புதன்கிழமை.
காலையில் இருந்த வேலை
மாலையில் இல்லை.
மாத்தூர் சாஹிப் டிரான்சிஸ்டரை அணைத்தார்,
முத்திரைக் கட்டையின் மையைக்
கைக்குட்டையால் துடைத்து
இழுப்பறையில் குப்புறப் படுக்கவைத்தார்.
யாரும் பேசவில்லை. டீ வந்தது.

ஆறு வாரம் கழித்துக் கக்கர் வந்தார்.
கையில் இனிப்புப் பெட்டி இருக்கும் என்று நினைத்தேன்.
புது மனு இருந்தது.

"வங்கியில் கடன் கேட்டேன், உரிமம் எங்கே என்றார்கள்.
இனிமேல் தேவையில்லையாமே என்றேன்.
தேவையில்லை என்று எழுதி வாங்கி வா என்கிறார்கள்."

சாமி வரம் கொடுத்தாலும்
பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள் எங்கள் பக்கம்.
இங்கே பூசாரிக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது,
வரிசை கலையவில்லை.

தேவையில்லை என்று எழுதித் தர விதி இல்லை.
எழுதித் தரக் கூடாது என்றும் விதி இல்லை.
மாத்தூர் சாஹிப் வெகுநேரம்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
பிறகு புதுக் கோப்பு திறந்தோம்.
எண் போட்டோம்.
கட்டுவதற்கு நாடா தீர்ந்திருந்தது.
பழைய கோப்பு ஒன்றிலிருந்து உருவினேன்,
பார்த்தால் அது அவருடையதே.
இரண்டு மாடி, நான்கு கையெழுத்து,
பத்தொன்பது நாள்.

நான்தான் அடித்தேன்: 'நாட் நீடட்'.
தாளை உருவிய பிறகுதான் கண்ணில் பட்டது,
அந்தச் சொல்லிலும் மூன்று 'இ'.
மூன்றும் அதே உடைந்த வயிற்றோடு.

கக்கர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.
சட்டைப் பைக்குள் வைத்துப்
பையை வெளியிலிருந்து ஒருமுறை தொட்டுப்பார்த்தார்.
சான்றொப்பமிட்ட நகல் மூன்று கிடைக்குமா என்றார்,
மின்வாரியத்தில் கேட்பார்களாம்.
நடைபாதை பெஞ்சில் இன்னும் நான்கு பேர்,
இந்தக் கடிதம் எந்த அறையில் தருகிறார்கள் என்று
பியூனிடம் விசாரித்தபடி.

கதவுவரை போனவர் திரும்பி வந்தார்.
குரலைத் தாழ்த்தி,
"மேடம், அந்த மூவாயிரம்,
கோதுமைக்கு அடியில் இருக்கிறதே,
வெளியே எடுக்கலாமா?"

மாத்தூர் சாஹிப்பின் நாற்காலி காலியாக இருந்தது.
எடுங்கள் என்றேன்.
என் பதவிக்கு மீறிய வார்த்தை.
எழுத்தில் தரவில்லை.